அஞ்சல்தலையில் ஏறாத கிடைநாய்

2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டுநாய், ராம்பூர் வேட்டைநாய், முதோல் வேட்டைநாய், நான்காவதாக எங்கள் ராஜபாளையம் நாய். அப்போது நான் தபால் இலாகாவில் பணியில் இருந்தேன். கடிதம் எழுதும் பழக்கமே இல்லாதவர்கள்கூட கவுண்டருக்கு வந்து, "நம்ம ஊரு நாய்க்கு ஸ்டாம்பு போட்டிருக்காங்களாமே, ஒண்ணு குடுங்க" என்று கேட்டார்கள். ஊருக்கே பெருமைதான். எனக்கும்தான்.

அந்த நான்கு நாய்களில் ஆடு காப்பதையே பிழைப்பாகக் கொண்டது இமயமலை நாய் ஒன்றுதான். ராம்பூரும் முதோலும் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்கள். ராஜபாளையம் வீடும் தோப்பும் காத்த நாய், பன்றி வேட்டைக்கும் போன நாய். அப்படியானால் ராஜபாளையத்திலிருந்து கிழக்கே சாத்தூர் வரைக்கும் கரிசல் காட்டில் ராத்திரி ராத்திரி கிடை போட்டார்களே, அந்தச் செம்மறி ஆடுகளைக் காத்த நாய் எது? இளவட்டங்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் "ராஜபாளையம் நாய்தான்" என்றே சொன்னார்கள். அது சரியில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் வெள்ளை நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடம்பெல்லாம் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, மடிந்த காது, நீண்ட கால்கள். நின்றால் இரண்டடிக்கு மேல் உயரம். இதை வளர்த்தவர்கள் இந்தப் பக்கத்து ராஜுக்களும், சேத்தூர், சிவகிரி போன்ற பழைய பாளையங்களின் ஜமீன் குடும்பத்தாரும். மலையடிவாரத்து மாந்தோப்புகளில் காவலுக்கு நின்றது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனது. பாளையக்காரர் போர்களில் வெள்ளைக்காரன் குதிரைகளை இந்த நாய்கள் பாய்ந்து கடித்தன என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், கதையாகவே வைத்துக்கொள்வோம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டையும் போயிற்று. வீட்டு வாசலில் நிற்கும் அழகு நாயாக அது மாறியது. வெள்ளை நிறத்துக்காகவே உறவுக்குள் இனம் சேர்த்துக்கொண்டே போனதில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இந்த இனத்தின் பெரிய குறை. நிறமிக் குறைவுக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டென்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள்.

அதன் பங்காளிகளும் இந்தச் சுற்று வட்டாரத்துக்காரர்களே. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்துகிறவை. ஓடுகிற எதைக் கண்டாலும் பின்னால் ஓடுவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. ஆட்டுக்குட்டியும் ஓடும் என்பதை மறந்துவிடக் கூடாது. தேனிப் பக்கத்துக் கோம்பை முரட்டுக் காவல் நாய், ஆனால் அதுவும் வேட்டைக்குப் பேர் போனது.

இனி கிடைக்கு வருவோம். இன்றைக்கு டவுனில் வளர்ந்த பேரன் பேத்திகளுக்குக் கிடை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில், பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரு புஞ்சையில் மடக்கி நிறுத்துவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு உரம். மறுநாள் கிடையைப் பக்கத்தில் தள்ளிப் போடுவார்கள். இப்படி நிலம் முழுக்க வந்துவிடும். நிலத்துக்காரர் தானியமாகவோ பணமாகவோ கூலி கொடுப்பார். பல வீட்டு ஆடுகள் ஒரே கிடையில் சேர்வதும் உண்டு. அதை நடத்துகிறவர் கீதாரி. இடைசெவல் கி.ராஜநாராயணன் எழுதிய 'கிடை' குறுநாவலைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'ஒருத்தி' என்று அது படமாகவும் வந்தது.

ஆடுகள் பெரும்பாலும் நம் மண்ணுக்கே உரிய இனங்கள். வேம்பூர் ஆடு, வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்தாற்போல் இருக்கும், பொட்டு ஆடு என்றே சொல்வார்கள். அப்புறம் கீழக்கரிசல் ஆடு, ராமநாதபுரம் வெள்ளை ஆடு. செம்மறி ஒரு பாவப்பட்ட ஜீவன். வெள்ளாடு போல் முட்டாது, மரம் ஏறாது, கத்தி ஊரைக் கூட்டாது. ஒன்று மிரண்டால் அத்தனையும் மிரளும். சுற்றிலும் சுவர் கிடையாது, வேலி கிடையாது. வெட்டவெளியில் இருநூறு முந்நூறு ஆடு, ஒரு அரிக்கேன் விளக்கு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு ஆள், மூன்று நான்கு நாய். அவ்வளவுதான் பாதுகாப்பு.

எதிரிகளில் முதலாவது நரி. பெரிய ஆட்டை நரி தொடாது, பிறந்து நாலு நாள் ஆன குட்டியைத்தான் தூக்கும். அதனால் குட்டிகளைப் பெரிய கூடுகளில் கவிழ்த்து மூடி வைப்பார்கள். மேற்கே மலையடிவாரம் நெருங்க நெருங்க சிறுத்தை, செந்நாய். இவை எல்லாவற்றையும் விட அடிக்கடி வருவது இரண்டு கால் எதிரி. ஒரே இரவில் பத்து ஆடு போனால் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷப் பிழைப்பே போய்விடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெயில் ஓவர்சியராகச் சில வருஷம் இருந்தேன். கிராமத்துக் கிளை அஞ்சலகங்களைப் பார்வையிட சைக்கிளில் போக வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால்தான் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். வழியில் கிடை கிடந்தால் நாய் எழுந்து வரும். கறுப்போ செவலையோ, சாம்பல் பூத்த உடம்பு, அரையாள் தீனி தின்ற வயிறு. தெருவில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அது நிற்கிற நிலை வேறு. எனக்கும் கிடைக்கும் நடுவில் வந்து குறுக்கே நிற்கும். குரைக்கும், மேலே பாயாது. ஒரு முறை கீதாரிப் பெரியவர் ஒருவர் படுத்த இடத்திலிருந்தே சத்தம் கொடுத்தார்: "ஏய்யா தபாலு, சைக்கிள விட்டு எறங்கி உருட்டிக்கிட்டுப் போ. அது ஒண்ணுஞ் செய்யாது. ஆட்டப் பாத்து ஒரு எட்டு வச்சாத்தான் அதுக்கு ஆகாது."

அவரிடம் பிறகு பல தடவை உட்கார்ந்து பேசியிருக்கிறேன். "இது என்ன சாதி நாய் தாத்தா?" என்று கேட்டேன். "சாதியென்ன சாதி, கிடைநாய்" என்றார். வளர்க்கிற விதத்தை அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. குட்டி கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் கிடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வீட்டுக்குள் விடக் கூடாது. பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சக் கூடாது. ஆட்டுக்குட்டிகளோடு சேர்த்துக் கூட்டுக்குள்ளேயே படுக்கவிட வேண்டும். கம்மங்கூழோடு கொஞ்சம் ஆட்டுப்பால். நாலைந்து மாதத்தில் விளையாட்டுப் புத்தி வரும், குட்டிகளை விரட்டிக் காதைக் கடிக்கும். அப்போது அதட்ட வேண்டும். அடங்காவிட்டால் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஓடினால் முன்னங்காலில் இடிக்கும், ஓடாது. ஆடு ஈனும்போது விழும் இளங்கொடிதான் கடைசிப் பரீட்சை. ஆடு குட்டியை நக்கிவிட்டு நகரும் வரை தள்ளிப் படுத்திருந்து, பிறகு வந்து இளங்கொடியைத் தின்கிற நாய் தேறியது. குட்டி கீழே விழும்போதே பக்கத்தில் போகிற நாயை அன்றைக்கே கிடையை விட்டு அனுப்பிவிடுவார்களாம்.

இந்தக் கிடைநாய் வளர்ப்பைப் போலவே ஒன்றை, உலகத்தின் மறு கோடியில் சார்லஸ் டார்வின் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 'பீகிள்' கப்பலில் போனபோது, 1833-இல், இன்றைய உருகுவே நாட்டில் ஆட்டு மந்தைகளை நாய்கள் தனியாகக் காப்பதைப் பார்த்தார். மனித வாசனையே இல்லாத தூரத்தில் பெரிய மந்தையோடு ஒன்றிரண்டு நாய்தான் நிற்குமாம். குட்டியைத் தாய் நாயிடமிருந்து சீக்கிரமே பிரித்து, தினமும் மூன்று நான்கு தடவை ஒரு பெண் ஆட்டைப் பிடித்து அதன் மடியில் பால் குடிக்க வைப்பார்கள். ஆட்டுப் பட்டியிலேயே கம்பளி ரோமத்தால் படுக்கை. வேறு நாய்களோடும் பிள்ளைகளோடும் சேரவிடுவதில்லை. பெரும்பாலும் காயடித்தும் விடுவார்கள். அந்த நாய் தினமும் ஒரு தடவை பண்ணை வீட்டுக்கு வந்து இறைச்சித் துண்டை வாங்கிக்கொண்டு வெட்கப்பட்டாற்போல் ஓடிப்போகும். வீட்டு நாய்கள் அதை விரட்டும். ஆனால் மந்தைக்குள் போய்ச் சேர்ந்ததும் திரும்பி நின்று குரைக்கும், விரட்டி வந்தவை அத்தனையும் பின்வாங்கும். நம் கீதாரித் தாத்தா டார்வினைப் படித்தவரில்லை. டார்வினும் கரிசல் காட்டுக்கு வந்தவரில்லை.

அமெரிக்காவில் இந்தப் பழக்கமே முன்பு அதிகம் கிடையாது. ஓநாய்க்கும் கயோட்டி என்கிற அந்த ஊர் நரிக்கும் விஷம் வைப்பதுதான் வழக்கம். 1972-இல் நிக்சன் அரசு நிலங்களில் அந்த விஷத்தைத் தடை செய்தார். அதன் பிறகு ஆட்டுக்காரர்கள் மாற்று வழி தேடினார்கள். மாசசூசெட்ஸில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற தம்பதி எழுபதுகளின் பிற்பகுதியில் இத்தாலி, யுகோஸ்லாவியா, துருக்கியிலிருந்து ஆட்டுக்காவல் நாய்களைக் கொண்டுவந்து நூற்றுக்கணக்கான பண்ணைகளில் விட்டு ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இதுதான். குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை யாரோடு பழக்கமோ அவர்களே அதற்குச் சொந்தம். அந்த நாட்களில் ஆட்டோடு கிடந்தால் ஆடுதான் அதன் குடும்பம். மனிதரோடு கிடந்தால் நாம்தான். இனமும் முக்கியம், துரத்தும் குணம் குறைந்த இனமாக இருக்க வேண்டும். ஆனால் வளர்ப்பு தவறினால் எவ்வளவு உசத்தியான இனமும் உதவாது. அமெரிக்காவின் நவாஹோ பழங்குடியினர் கலப்பு நாட்டு நாய்களையே இப்படி வளர்த்து ஆடு காத்து வந்தார்கள் என்பதும் பின்னால் தெரியவந்தது.

இதைச் சரியாகச் செய்த இடங்களில் பலன் ஆட்டோடு நிற்கவில்லை. நமீபியாவில் ஆட்டைத் தின்ற சிவிங்கிப்புலிகளை விவசாயிகள் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1994-லிருந்து அங்கே ஒரு பாதுகாப்பு அமைப்பு துருக்கி வகை நாய்க்குட்டிகளை ஆட்டுக்காரர்களுக்குக் கொடுத்து வருகிறது. ஆடு தப்பியது, அதனால் சிவிங்கிப்புலியும் தப்பியது. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் என்ற ஊருக்கு எதிரே சின்னத் தீவு ஒன்று. அதில் இருந்த நூற்றுக்கணக்கான பெங்குவின்களை நரிகள் தின்று தீர்த்து, 2005-இல் பத்துக்கும் குறைவாகிவிட்டன. மறுவருஷம் இத்தாலிய ஆட்டு நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். பெங்குவின்கள் மறுபடி பெருகின. காவல் நாய் எதிரியைக் கொல்ல வேண்டியதில்லை. "இங்கே ஆள் இருக்கிறது" என்று காட்டினாலே நரி வேறு வழி பார்த்துக்கொள்ளும்.

நம் கிடைநாயை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. நரிக்கும் திருடனுக்கும் அது போதும். சிறுத்தைக்கு நாய் என்றால் பலகாரம் மாதிரி. அதனால்தான் இமயமலையில் ஆட்டு நாய்களுக்கு இரும்பு முள் பதித்த பட்டையைக் கழுத்தில் மாட்டுகிறார்கள், சிறுத்தை கவ்வுவது கழுத்தைத்தான். அந்த நாய்கள் கனத்த உடம்பு, அடர்ந்த ரோமம் கொண்டவை. நம் ஊர் வெயிலுக்கு அப்படி ஒரு நாய் வாழாது. மலையடிவாரக் கிடைகளில் நாயின் வேலை குரல் கொடுப்பது. தீப்பந்தத்தோடு எழுந்து ஓடுவது ஆளின் வேலை. நாயும் ஆளும் சேர்ந்துதான் காவல். குரைப்பிலிருந்தே வந்திருப்பது மனிதனா, நரியா, பாம்பா என்று பெரியவர் படுத்தபடியே சொல்லிவிடுவார்.

இந்த விஷயம் இன்றைக்கு ஏன் முக்கியம்? 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்த்து நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாக, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ளதாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயங்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் உள்ளே கால்நடை மேய்ப்பதைத் தடை செய்தது. காடு செழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆடும் மாடும் அடிவாரத்து ஓரத்திலேயே நெருக்கியடித்து மேய்கின்றன. அங்கே சிறுத்தை இறங்கி நாலு ஆட்டை அடித்தால், அடுத்து விஷம் வைக்க யாராவது நினைக்கக் கூடும். அந்த எண்ணத்தைத் தடுக்கும் பழைய வழிகளில் ஒன்றுதான் கிடைநாய்.

அதுதான் இப்போது காணாமல் போகிறது. ரசாயன உரம் வந்த பிறகு கிடை குறைந்தது. புஞ்சைகள் பிளாட் ஆயின, மீதி சீமைக் கருவேலம் ஆயிற்று. பிள்ளைகள் மில்லுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். கிடை போடுகிற சிலரும் நைலான் வலையும் சோலார் விளக்கும் வைத்துக்கொள்கிறார்கள். மறுபக்கம், வெளியூரில் சம்பாதித்து வந்து ஆட்டுப் பண்ணை வைக்கிறவர்கள் பெரிய விலை கொடுத்து ராஜபாளையம் குட்டி வாங்குகிறார்கள். என் உறவில் ஒருவர் அப்படித்தான் வாங்கினார். ஆறு மாதம் வீட்டில் சோபாவில் வளர்த்து, பிறகு பண்ணையில் கொண்டு கட்டினார். அவிழ்த்துவிட்ட முதல் வாரமே இரண்டு குட்டிகளைக் கடித்துப்போட்டது. "சாதி கெட்ட நாய்" என்று திட்டினார். பாவம், அந்த நாய்க்கு ஆடு என்றால் யாரென்றே தெரியாது.

பண்ணை வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. விலைச்சீட்டைப் பார்த்து நாய் வாங்காதீர்கள். இன்னும் கிடை போடுகிற கீதாரி யாராவது இருந்தால் அவர் கிடையில் பிறந்த குட்டியைக் கேளுங்கள். கொண்டுவந்த நாளிலிருந்தே ஆட்டோடு விடுங்கள். வெறிநாய்க் கடித் தடுப்பூசியும் டிஸ்டெம்பர் தடுப்பூசியும் கட்டாயம் போடுங்கள். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காட்டில் டிஸ்டெம்பர் பரவி, மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் செத்துப்போயின. சுற்றுக் கிராமத்து நாய்களிடமிருந்து வந்த நோய் அது. நம் பக்கத்திலேயே புலிக்காடு இருக்கும்போது இதை அலட்சியம் செய்யக் கூடாது.

கடைசியாக ஒன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கும்போது இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்து அது காவல் நின்றதைக் கல்லில் எழுதி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அந்தப் பெயர். மந்தை காத்த நாய்க்குப் பெயர் சொல்லி மரியாதை செய்த தமிழர்கள் 1400 வருஷத்துக்கு முன் இருந்தார்கள். நாம் நம் கிடைநாய்க்கு ஒரு இனப் பெயர்கூட வைக்கவில்லை. தேசிய அளவில் பதிவான இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கின்றன, அதில் மகிழ்ச்சி. கிடைநாயைப் பதிவு செய்ய வழியில்லை, ஏனென்றால் அது ஒரு நிறமோ ஒரு காதோ கிடையாது, வளர்க்கும் ஒரு முறை. அந்த முறை தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் கிடை கண்டவர்கள்தான். உங்கள் ஊர்க் கிடையில் நாயை எப்படி வளர்த்தார்கள், அதற்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நினைவிருந்தால் எழுதி வையுங்கள். எங்கள் பெரியவர் கிடையில் இருந்தது மணி. நல்ல கறுப்பு, நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.